கப்பல் முனியும் உஷாகோவ் பதக்கமும்

பெட்டியைத் திறந்த சன்னாசிக்கு முதலில் தன் கண்ணின் மேல்தான் சந்தேகம் வந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

சட்டையில் குத்தும் சோவியத் நீர்மூழ்கிக் கப்பல் வில்லை இருந்தது. நெடும்பயணம் போய்வந்த மாலுமிக்குக் கொடுக்கும் வில்லை இருந்தது. நக்கிமோவ் பதக்கம், தொப்பி நட்சத்திரம், நங்கூரம் பொறித்த பித்தளைப் பொத்தான்கள் எல்லாம் சிவப்பு வெல்வெட்டில் வரிசையாகப் படுத்திருந்தன. நடுவில், ராஜா உட்காரும் இடத்தில், உஷாகோவ் பதக்கத்தைக் காணோம். வட்டமாக ஒரு பள்ளம் மட்டும் இருந்தது.

"புஷ்பா!"

சமையலறையில் நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்த புஷ்பவல்லி எழுந்து வரவில்லை. இருந்த இடத்திலிருந்தே, "என்னங்க?" என்றார்.

"இந்தப் பொட்டியில இருந்த வெள்ளிப் பதக்கம் எங்க?"

"எந்தப் பதக்கம்?"

"சங்கிலி வச்சது. நங்கூரம் போட்டது. நடுவுல ஒரு ஆளு முகம் இருக்கும்."

"ஓ, அந்த மீசையில்லாத ஆளா? அவர முனிக்குக் குடுத்திட்டேன்."

சன்னாசி சுவரைப் பிடித்துக்கொண்டார். "எந்த முனிக்கு?"

"நமக்கு எத்தன முனி இருக்கு? ரயில் ரோட்டோரத்து முனிதான். போன வருஷம் உங்க நெஞ்சுல கம்பி வச்சாங்கல்ல, அப்ப வேண்டிக்கிட்டேன். எம் புருஷன் உசுரோட வீட்டுக்கு வந்தா வெள்ளியில சங்கிலி போடறேன்னு. போன மாசம் நகைக்கடையில போயி விலை கேட்டேன். அவன் சொன்ன விலைக்கு, நீங்க ஆஸ்பத்திரியிலயே இருந்திருக்கலாம் போல இருந்துச்சு. வீட்டுக்கு வந்து பார்த்தா, பொட்டிக்குள்ள வெள்ளியும் இருக்கு, சங்கிலியும் இருக்கு. முனியே எடுத்து வச்ச மாதிரி."

"அது எனக்குச் சொந்தமில்ல புஷ்பா!"

"உசுரு உங்களுதுதான?"

சன்னாசி பெட்டியை மூடினார்.

பதக்கம் அவருக்குச் சொந்தமில்லை என்பதுதான் தொல்லை. அவர் போர்ட் கிள்ளான் துறைமுக வார்ஃபில் சரக்கு எண்ணிக் கணக்கெழுதும் கிராணியாக இருந்த காலத்தில், ரப்பர் ஏற்றிக்கொண்டு போக ரஷ்யக் கப்பல்கள் வரும். அப்படி ஒரு கப்பலில் வந்தவன் விக்டர். எஞ்சின் அறையில் வேலை. இருவருக்கும் பொதுவாகத் தெரிந்த ஆங்கிலம் இருபது சொல் இருக்கும்; அதில் பாதி கெட்ட வார்த்தை. அந்த மூலதனத்தில் ஒரு வாரம் நட்பு நடந்தது. சன்னாசி அவனைச் சைக்கிளின் முன்பாரில் உட்காரவைத்துக் கிள்ளான் முழுக்கச் சுற்றினார். வாழையிலைச் சோற்றுக் கடையில் மோர்மிளகாயைக் கத்தரிக்காய் வற்றல் என்று நினைத்து வாய் நிறையப் போட்டுக்கொண்ட விக்டர், கடைத் தண்ணீர் முழுவதையும் குடித்துவிட்டு, கைகழுவும் தொட்டிப் பக்கம் பார்வையைத் திருப்பினான்.

புறப்படும் நாளில் அந்தப் பதக்கத்தைச் சன்னாசியின் கையில் வைத்து மூடினான். "அப்பா. போர். கருங்கடல்," என்றான். "நீ வச்சுக்கோ. நான் திரும்பி வருவேன். காத்திரு."

சன்னாசி காத்திருந்தார். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு ரஷ்யக் கப்பலிலும் ஏறி, "விக்டர் இருக்கானா?" என்று கேட்டார். விக்டர் இல்லாத ரஷ்யக் கப்பலே கிடையாது. ஆனால் வந்தவன் எவனும் அவருடைய விக்டர் இல்லை. தேடி வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக் கூச்சப்பட்டு மாலுமிகள் ஆளுக்கொரு வில்லையைத் திணித்து அனுப்பினார்கள். சேகரிப்பு தொடங்கியது அப்படித்தான். பெட்டியில் இருந்த ஒவ்வொன்றும் விக்டர் வராத ஒரு கப்பல்.

பிறகு கப்பல்கள் குறைந்தன. பிறகு சோவியத் யூனியன் என்ற நாடே காணாமல் போனது. சன்னாசி மட்டும் காத்திருந்தார். பினாங்கிலிருந்து ஒரு சேகரிப்பாளர் வந்து, உஷாகோவை விலைக்குக் கேட்டார். சன்னாசி பெட்டியை மடியில் வைத்துத் திறந்து, எட்ட இருந்தே காட்டிவிட்டு மூடிவிட்டார். "அடுத்தவன் சாமான் பாஸ். ஆளு வருவான்."

போன மாதம், பதக்கம் சேர்ப்பவர்களின் ஃபேஸ்புக் குழுவில் அவர் எப்போதோ போட்ட படத்தின் கீழே நாஸ்தியா என்ற பெண் எழுதியிருந்தாள். விக்டரின் பேத்தியாம். தாத்தா போன குளிர்காலத்தில் இறந்துவிட்டாராம். அவள் வரும் பயணிகள் கப்பல் சனிக்கிழமை போர்ட் கிள்ளானில் நிற்குமாம். பதக்கத்தைப் பார்க்க வரலாமா என்று கேட்டிருந்தாள்.

சன்னாசி நெடுநேரம் அழுதார். பிறகு, "வாம்மா. பத்திரமாக இருக்கிறது" என்று பதில் போட்டார். பாலிஷ் போடலாம் என்று இன்றைக்குத்தான் பெட்டியைத் திறந்தார். இன்று புதன்கிழமை.

கன்டெய்னர் யார்டுக்குப் பின்னால், தண்டவாளத்தை ஒட்டிய அரச மரத்தடியில் முனி உட்கார்ந்திருந்தார். முறைக்கும் கண், தோள் வரை மீசை, கையில் மணி கட்டிய அரிவாள், வாயில் சுருட்டு. மார்பில் உஷாகோவ். முனியைவிடச் சன்னாசியைத் திடுக்கிடவைத்தது முன்னால் நின்ற கூட்டம். வேலைநாளில் அங்கே காக்கைதான் வரும்.

கன்டெய்னர் லோரி ஓட்டும் பூசாரி லோகன், லோரியைப் போட்டுவிட்டு விபூதித் தட்டோடு நின்றார்.

"என்ன லோகன், இவ்வளவு கூட்டம்?"

"அண்ணே, ஒங்களுக்குத் தெரியாதா? நம்ம முனி பதக்கத்துக்குப் பின்னால நாலு நம்பர் இருக்குல்ல? பண்டமாரான் ஆளு ஒருத்தர் சும்மா லாட்டரியில எழுதிப் பார்த்தாரு லா. மொத பரிசு!"

அந்த நாலு எண் நாற்பது வருடத்துக்கு மேலாகச் சன்னாசியின் அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தது. நெஞ்சில் கம்பி வைத்த இடம் லேசாக வலித்தது.

"லோகன், அந்தப் பதக்கம் எனக்குத் திரும்ப வேணும்பா."

"என்னண்ணே வெளையாடறீங்களா? முனிக்குப் போட்டது முனிக்குத்தான். அக்காதான் கொண்டாந்து போட்டாங்க."

"அக்காவுக்குத் தெரியாது. அது ரஷ்யாக்காரன் சாமான். கப்பல் சண்டையில வாங்கினது."

இதைச் சொல்லியிருக்கக் கூடாது. பின்னால் நின்றவர், "கப்பல் சண்டையா?" என்றார். அவருக்குப் பின்னால் நின்றவரிடம் செய்தி போனபோது, முனியே கப்பல் சண்டை போட்டிருந்தார். வரிசையின் வாலுக்குப் போய்ச் சேர்வதற்குள் முனி ரஷ்யாவையே காப்பாற்றிவிட்டுப் போர்ட் கிள்ளானில் வந்து இறங்கியிருந்தார்.

லோகன் தலையைச் சொறிந்தார். "நான் யாருண்ணே குடுக்கறதுக்கு? முனிகிட்டயே கேப்போம். பூ கட்டிப் பாப்போம். வெள்ளப் பூ வந்தா எடுத்துக்கிட்டுப் போங்க. செவப்புன்னா பேசப்படாது."

வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். எடுத்துக் கொடுக்க, வரிசையில் முதலில் நின்ற நல்லம்மாள் கிழவியை அழைத்தார்கள். சன்னாசியே எழுபதைத் தொட்டவர். நல்லம்மாள் அவரைத் தம்பி என்று கூப்பிடும் வயது. பாட்டி கண்ணை மூடி ஒன்றை எடுத்தாள்.

சிவப்பு.

"மூணு தடவ பாப்போம்," என்றார் சன்னாசி. "எது அதிகமோ அது."

சிவப்பு. சிவப்பு.

"அஞ்சு தடவ."

"தம்பி," என்றாள் நல்லம்மாள், "முனி ஒங்ககிட்ட மரியாதையாப் பேசிக்கிட்டு இருக்கறப்பவே வீட்டுக்குப் போங்க."

மறுநாள் காலையில் முனியின் தலையில் தங்க ஜரிகை வைத்த வெள்ளைக் கேப்டன் தொப்பி இருந்தது. மரத்தில் புதிதாக ஒரு பலகை தொங்கியது: 'அருள்மிகு கப்பல் முனி'.

கேட்டால் கிடைக்காது என்று தெரிந்ததும் சன்னாசி கெட்டுப்போகத் துணிந்தார். அதே மாதிரி ஒன்று செய்து, அதை அங்கே மாட்டிவிட்டு, இதை எடுத்துவிடுவது. முனிக்கு ரஷ்ய மொழி தெரியாது. ஆகவே வித்தியாசம் தெரியாது.

கிள்ளானில் ரயிலேறி பிரிக்ஃபீல்ட்ஸ் போய் இறங்கினார். பூமாலைக் கடைகளுக்கு மேல்மாடியில் இராஜம்மாவின் கோப்பைக் கடை இருந்தது. பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி, கோயில் பேச்சுப் போட்டி எல்லாவற்றுக்கும் பரிசு அங்கிருந்துதான் போகும்.

இராஜம்மா கைப்பேசிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "யாருண்ணே இந்த அம்மா?"

"அம்மா இல்ல. ரஷ்யக் கடற்படைத் தளபதி."

"முடியெல்லாம் சுருட்டிவிட்டு நல்லாத்தான் இருக்காரு. எத்தன வேணும்? அம்பதுக்கு மேல எடுத்தா ரிப்பன் சும்மா."

"ஒண்ணு."

"ஒண்ணா?" இராஜம்மாவின் குரலில் மரியாதை பாதியாகக் குறைந்தது. "ஒண்ணுக்கு அச்சு போட முடியாதுண்ணே. எதாச்சும் மிச்சம் கெடக்கும், அதுல மூஞ்சிய ஒட்டித் தரேன். சாயங்காலம் வாங்க."

சாயங்காலம் கிடைத்தது வெள்ளி மாதிரி இருந்தது. சங்கிலி, இராஜம்மாவின் பழைய கைப்பையிலிருந்து வந்திருந்தது. தளபதியின் முகம் புஷ்பவல்லியின் தம்பி முகம் மாதிரி விழுந்திருந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் பரவாயில்லை. திருப்பிப் பார்க்கவேண்டும் என்று மட்டும் சன்னாசிக்குத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை காலை லோகன் பக்கத்துத் தேநீர்க் கடைக்குத் தே தாரிக் குடிக்கப் போன நேரம் பார்த்து மரத்தடிக்குப் போனார். யாரும் இல்லை. "முனீஸ்வரா, தப்பா நினைக்காதீங்க, நண்பன் விஷயம்," என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு மேடையில் ஏறினார். ஒரு கையில் போலி. மற்றக் கையை மாலைகளுக்குள் விட்டு உஷாகோவைப் பிடித்தார். இத்தனை நாள் கழித்துத் தொட்டதும் கண் கலங்கியது. இழுத்தார். வரவில்லை. பதக்கத்தின் சங்கிலி மாலைக் கம்பியில் சிக்கியிருந்தது. இன்னும் ஓங்கி இழுத்தார். முனியின் அரிவாள் ஆடி, அதில் கட்டியிருந்த அத்தனை மணியும் ஒன்றாக அடித்தது.

தேநீர்க் கடையில் இருந்த மொத்தக் கூட்டமும் திரும்பி ஓடிவந்தது.

முனியின் மார்பில் கையை விட்டபடி சன்னாசி நின்றார். கையை எடுக்கவும் முடியவில்லை; சட்டைக் கையும் கம்பியில் மாட்டிக்கொண்டது. பயத்தில் உடம்பு கிடுகிடுவென்று ஆடியது.

"சாமி வந்திருச்சு!" என்று அலறினாள் நல்லம்மாள்.

யாரோ உறுமியை எடுத்தார்கள். கிள்ளானில் உறுமி அடித்தால் சாமி வராதவன் காலும் சும்மா இருக்காது. சன்னாசியின் கால் தானாக ஆடத் தொடங்கியது. வாயில் ஒருவர் சுருட்டை வைத்தார். இன்னொருவர் இடுப்பில் சிவப்புத் துண்டைக் கட்டினார்.

லோகன் கைகூப்பிக் கேட்டார்: "முனீஸ்வரா! என்ன கொறை? என்ன வேணும் ஒனக்கு?"

அத்தனை ஆட்டத்திலும் சன்னாசிக்குப் பொய் வரவில்லை. "பதக்கம்!" என்று கத்தினார். "எனக்குப் பதக்கம் வேணும்!"

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அப்போது அவர் கையிலிருந்த போலி நழுவிக் கீழே விழுந்தது. லோகன் எடுத்தார். திருப்பினார். எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"மூன்றாம் பரிசு. சாக்கு ஓட்டம்."

உறுமி நின்றது. முடிந்தது கதை என்று சன்னாசி கண்ணை மூடிக்கொண்டார்.

"மூணாம் பரிசு!" என்று நல்லம்மாள் தொடையில் தட்டினாள். "இந்த வாரம் மூணாம் பரிசு அடிக்கும்னு முனி சொல்றாரு லா! பணத்த வீட்டுக்குக் கொண்டுபோறதுக்குச் சாக்கு எடுத்துக்கிட்டு ஓடணுமாம்!"

உறுமி முன்னைவிட வேகமாக அடித்தது. போலியும் முனியின் மார்பில் ஏறியது, உஷாகோவுக்குப் பக்கத்திலேயே.

வீட்டுக்குள் நுழைந்தவரைப் புஷ்பவல்லி ஏற இறங்கப் பார்த்தார். தலை முதல் கால் வரை விபூதி. காதில் பூ. வாயில் சுருட்டு நாற்றம்.

"எங்க போயிட்டு வர்றீங்க?"

"எங்கயும் இல்ல. சும்மா நடக்கப் போனேன்."

"அப்ப பக்கத்து வீட்டுக்காரர் எதுக்குங்க வாசல்ல நின்னு ஒங்க செருப்பத் தொட்டுக் கும்பிடறாரு?"

சன்னாசி நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். புஷ்பவல்லி பாதிவரை சிரித்தார். விக்டரின் பேத்தி நாளைக்கு வருகிறாள் என்ற இடத்தில் சிரிப்பு நின்றது.

"இத ஏன் மொதல்லயே சொல்லல?"

"நீ கேக்கல."

"இத்தன வருஷமா பொட்டிய மடியில வச்சுக்கிட்டுத் தடவறீங்க. இன்னொரு பொம்பள குடுத்ததுன்னு நெனச்சுட்டேன்," என்றார் புஷ்பவல்லி. சிறிது நேரம் தலைப்பின் நுனியைச் சுருட்டினார். "அதுக்காகக் குடுத்துட்டேன்னு இல்ல. முக்காவாசி வேண்டுதல்தான்."

சனிக்கிழமை காலை நாஸ்தியா வாசலில் நின்ற வாடகைக் காடியிலிருந்து இறங்கியபோது சன்னாசி அவள் முகத்தையே பார்த்தார். விக்டரின் அதே சோளமுடி, வெயில் பட்டதும் செம்பருத்தி ஆகும் அதே மூக்கு. அவள் பேசியதும் வார்ஃபில் கேட்ட அதே உடைந்த ஆங்கிலம்; அவருக்கு ஒரு சொல் விடாமல் புரிந்தது. புஷ்பவல்லி தோசை சுட்டுக்கொண்டே இருந்தார்.

"அங்கிள், பதக்கம்..." என்றாள் நாஸ்தியா.

"மொதல்ல பசியாறும்மா," என்றார் சன்னாசி.

நாலாவது தோசையில் அவள் கைகூப்பிவிட்டாள். அதற்குமேல் ஒரு மனிதனால் எவ்வளவு நேரம் தப்பிக்க முடியும்? மூவரும் மரத்தடிக்குப் போனார்கள்.

முந்தின நாள் முனி பதக்கம் கேட்ட செய்தி காப்பார் டவுன் வரை போயிருந்தது. ஊரே அள்ளிக் கொண்டுவந்து போட்டிருந்தது. மாரத்தான் ஓடியவர்களின் பதக்கம், பூப்பந்தாட்டப் பதக்கம், அழகுக் கையெழுத்துப் பதக்கம், இரத்ததானப் பதக்கம், ஆரோக்கியக் குழந்தைப் பதக்கம். கேப்டன் தொப்பியோடு, தோளிலிருந்து தொப்புள் வரை பதக்கம் மின்ன, மே தின அணிவகுப்பை மேற்பார்வையிடும் சோவியத் கடற்படைத் தளபதி மாதிரி முனி உட்கார்ந்திருந்தார். மீசையும் பொருத்தமாகத்தான் இருந்தது.

நாஸ்தியா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"அதுல எது?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"நடுவுல. சாக்கு ஓட்டத்துக்கும் மாரத்தானுக்கும் நடுவுல."

சன்னாசி தலையைக் குனிந்துகொண்டார். வாயிலிருந்து ஆங்கிலமும் தமிழும் கலந்து வந்தன. "மன்னிச்சிரும்மா. உங்க தாத்தா என்னை நம்பிக் குடுத்தான். ஒரு நாள் கூட வெளிய வைக்கல, யாருக்கும் விக்கல. எனக்கு நெஞ்சுவலி வந்தப்ப என் சம்சாரம் பயத்துல சாமிக்குப் போட்டுட்டா. அவ மேல தப்பு இல்ல. கேட்டுப் பார்த்தேன், திருடப் பார்த்தேன், ஒண்ணும் நடக்கல. விக்டர் வந்து கேட்டிருந்தா நான் என்ன சொல்லியிருப்பேன்?"

புஷ்பவல்லி தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். லோகன் விபூதித் தட்டோடு தள்ளி நின்றார். போர்ட் கிள்ளான் ரயில் ஒன்று ஊதிக்கொண்டே கடந்து போனது.

நாஸ்தியாவின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துச் சன்னாசி பதறி நிமிர்ந்தார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள், கண்ணில் தண்ணீரும் வந்துகொண்டிருந்தது.

"தாத்தா அனாதையா வளர்ந்தவர், அங்கிள். கூடப் பிறந்தவங்க யாரும் கிடையாது," என்றாள். "புயல் அடிக்கும்போதெல்லாம் சொல்லிக்குவாராம்: 'எனக்காகக் கரையில ஒருத்தன் காத்திருக்கான், நான் முழுகமாட்டேன்'னு."

"நான் காத்திருந்தேம்மா," என்றார் சன்னாசி. "சத்தியமா காத்திருந்தேன்."

"தெரியும் அங்கிள்," என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள் நாஸ்தியா. "போன வாரம் கொச்சின் அங்கிளும் இப்படியேதான் அழுதார், தாத்தா 'அப்பாவோடது, காத்திரு'ன்னு சொல்லி அவர்கிட்டயும் குடுத்த பதக்கத்தை அவர் சம்சாரம் மாதா கழுத்துல போட்டுட்டாங்களாம்."